ஏழு நகர்த்தல்கள்

(வட்டத்தின் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் பேசும்படி செயலாளர் கேட்டபோது, வெண்பாவைப் பற்றி இனி என்னால் பேச இயலாது என்று சொன்னேன். காரணம் அவருக்கும் தெரியும், உங்களில் பலருக்கும் தெரியும். "அப்படியானால் இப்போது உங்களுக்கு எது தெரியுமோ அதைப் பேசுங்கள்" என்றார். இப்போது எனக்குத் தெரிந்தது சதுரங்கத்தில் ஒரே ஒரு தொடக்க முறை. அதுவும் அரைகுறையாகத்தான். இலக்கிய மேடையில் சதுரங்கம் எதற்கு என்று கேட்போர் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஆடத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சிறு குருதிக்குழாய் அடைபட்டது. கையும் காலும் ஆறு வாரத்தில் மீண்டன. சொல் மீளவில்லை. பேச்சு வந்தது, மனப்பாடம் வரவில்லை. இம்மேடையில் நின்று தாளைப் பாராமல் நூறு வெண்பாக்களை ஒப்பித்தவன் நான். அன்று அதில் எனக்கு இருந்த செருக்கையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் விடியற்காலையில் ஒரு வெண்பாவைச் சொல்லிப் பார்த்தேன். ஓசை வந்தது. ஈற்றுச்சீர் மலரா பிறப்பா என்பது கூடத் தெரிந்தது. அந்த இடத்தில் நிற்க வேண்டிய சொல் எது என்பது மட்டும் தெரியவில்லை. ஆட்கள் குடிபெயர்ந்துவிட்ட தெருவில் வீடுகள் மட்டும் வரிசையாக நிற்பதைப் போல இருந்தது.

சதுரங்கத்திலும் அதே கதை. நூற்பாலையின் கணக்குப் பிரிவில் முப்பதாண்டு வேலை பார்த்த காலத்தில், இரவுப் பணி முடித்து வருவோருடன் தேநீர்க் கடையில் ஆடி வளர்ந்த ஆட்டம் என்னுடையது. நான் ஆடியது ஸ்பானிய முறை. ரூய் லோபஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் 1561-இல் வெளியிட்ட நூலால் பெயர் பெற்றது. நானூற்றறுபது ஆண்டுகளாக உலகம் அதை ஆராய்ந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் உட்கிளை, ஒவ்வொன்றிலும் இருபது இருபத்தைந்து நகர்த்தல்கள். அவற்றை ஒரு நீளக் குறிப்பேட்டில் எழுதி, எழுதியதை நெட்டுருப் பண்ணி வைத்திருந்தேன். குறிப்பேடு இப்போதும் இருக்கிறது. எழுத்து என்னுடையதுதான். படித்தால் வேறு யாரோ எழுதியது போலத் தோன்றுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வாத்தியார் என்றாலே உங்களுக்கு விளங்கிவிடும். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். ஞாயிறுதோறும் இங்கிருந்து பேருந்தேறி அவர் வீட்டுக்குப் போவது இருபதாண்டுப் பழக்கம். உடல் தேறிய பின் முதன்முறை போனபோது வாத்தியார் ஆடவில்லை. தம் பேத்தியை உட்கார்த்தி வைத்தார். பதினொரு வயதுக் குழந்தை. கைப்பேசியில் ஆடிக் கற்றவள். என் ஸ்பானிய முறையின் ஒன்பதாவது நகர்த்தலில் எனக்குத் திரை விழுந்தது. அடுத்தது என்னவோ ஒன்று உண்டு என்று தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை. ஏதோ ஒரு காயைத் தள்ளினேன். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். தோற்றவர் பால்கோவா வாங்கித் தர வேண்டும் என்பது பந்தயம். சர்க்கரையை மருத்துவர் விலக்கியிருந்ததால், வென்றிருந்தால்தான் எனக்கு ஆபத்து என்று சொல்லிச் சிரித்து வைத்தேன். திரும்பும் பேருந்தில் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரம் வாத்தியார் பலகையை விரித்து, "அண்ணாச்சி, மனப்பாடம் வேண்டாத ஒரு தொடக்கம் இருக்கிறது, ஏழே நகர்த்தல். எதிராளி என்ன ஆடினாலும் ஏறக்குறைய அதையே ஆடலாம். பாருங்கள்" என்றார்.

அரசன் பக்கத்துக் குதிரை முன்னே வருகிறது. அது நின்ற இடத்துக்கு முன்னிருந்த சிப்பாய் ஒரு கட்டம் நகர்கிறது. அந்த இடைவெளியில் மந்திரி போய் அமர்கிறது. அங்கிருந்து பலகையின் மறு மூலைவரை அதற்கு ஒரே நேர்ப்பார்வை. பிறகு அரசனுக்குக் கோட்டை கட்டுகிறோம். அரசிக்கு முன் நிற்கும் சிப்பாய் ஒரே கட்டம். அது விட்டுப்போன கட்டத்தில் இன்னொரு குதிரை. கடைசியாக அரசனின் சிப்பாய் இரண்டு கட்டம். ஏழு முடிந்தது. நம் படையில் ஒரு காய்கூட நம் பாதியைத் தாண்டவில்லை. வாசலில் கோலம் போட்டு முடித்துவிட்டு, வருகிறவர் யார் என்று பார்ப்பதைப் போன்ற தொடக்கம்.

இதற்கு உலகம் வைத்திருக்கும் பெயர் 'கிங்ஸ் இந்தியன் அட்டாக்'. நடுவிலிருக்கும் 'இந்தியன்' எப்படி வந்தது என்று கேட்டேன். இங்கேதான் எனக்கு இதில் பற்று உண்டாயிற்று. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருத் திண்ணையில் பெரியவர்கள் ஆடிய சதுரங்கத்தில் சிப்பாய் முதல் முறையும் ஒரு கட்டந்தான் நகரும். கோட்டை கட்டுவது கிடையாது. அரசன் ஒரேயொரு முறை குதிரையைப் போலத் தாவலாம். வட்டாரத்துக்கு வட்டாரம் சிறு வேறுபாடுகள் இருந்தாலும் நம் நாட்டு ஆட்டம் பொதுவாக இப்படித்தான். சிப்பாய் ஒரு கட்டமே நகரும் என்றால் போர் மெதுவாகத்தான் மூளும். அவசரமின்றிக் காய்களை அடுக்குவதும் மந்திரியை ஓரத்தில் அமர்த்துவதும் அந்த விதியிலிருந்து பிறந்த பழக்கங்கள். 1850-களில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர், மகேஷ்சந்திர பானர்ஜி என்ற வங்காளியோடு பல ஆட்டங்கள் ஆடினார். பானர்ஜி ஐரோப்பிய விதிகளின்படி ஆடியபோதும் கறுப்புக் காய்களை நம்மூர் வழக்கப்படியே அடுக்கினார். காக்ரேன் அந்த ஆட்டங்களைக் குறித்து வைத்தார். 'இந்தியத் தற்காப்பு' என்ற பெயருக்கு வேர் அங்கேதான் என்று சதுரங்க வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அந்த அடுக்கையே வெள்ளையில் ஆடினால் அது தாக்குதல். திண்ணையில் பார்த்ததை எழுபதாம் வயதில் ஆங்கிலப் பெயரோடு திரும்பக் கற்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மிர் சுல்தான் கானையும் இங்கே நினைக்க வேண்டும். பஞ்சாபில் நம் நாட்டு விதிகளின்படி ஆடி வளர்ந்தவர். இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, 1929, 1932, 1933 ஆகிய மூன்றாண்டுகளில் பிரிட்டிஷ் வாகையர் பட்டம் பெற்றார். முன்னாள் உலக வாகையர் கபபிளாங்காவையும் வென்றார். தொடக்க நூலறிவு அவருக்கு மிகக் குறைவு. நடு ஆட்டத்தில் எழுந்து நின்றவர். 1966-இல் மறைந்த அவருக்கு உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது 2024-இல்தான்.

ஏழு நகர்த்தலும் எனக்கு நினைவில் நின்றன. அந்த மாதம் நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பேருந்தில் போகும்போது விரல்களை மடக்கி மடக்கி எண்ணுவேன். ஏழும் வரும். ஏழு சீர் கொண்ட குறட்பாவே அந்நாளில் எனக்கு நிற்கவில்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தேன். முன்பு ஒன்பதாவது நகர்த்தலில் விழுந்த திரை இப்போது எட்டாவதில் விழுந்தது. கோலம் போட்டாயிற்று, அதற்குப் பிறகு? அரசனைக் கோட்டைக்குள் வைத்துக்கொண்டு யானையை இங்குமங்கும் நகர்த்தி நாள் கடத்தினேன். குழந்தை ஒருநாள், "ராஜபாளையம் தாத்தா, நீங்க எப்பவும் ஒரே மாதிரி அடுக்கிட்டு சும்மாவே இருக்கீங்க" என்றாள். அதைவிடச் சரியான விமரிசனத்தை என் கவிதைகளுக்குக்கூட யாரும் எழுதியதில்லை.

மனப்பாடம் வேண்டாத தொடக்கம் என்றால் கற்க வேண்டாத தொடக்கம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன். பிழை அங்கே இருந்தது. ஸ்பானிய முறையில் எப்போது எதைச் செய்வது என்பதை முன்னோர் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். நாம் நினைவு வைத்தால் போதும். இதில் அந்த முடிவு நம்மிடம் விடப்பட்டிருக்கிறது. அரசனின் சிப்பாயை மேலும் ஒரு கட்டம் தள்ளுவதா, அங்கேயே நிறுத்துவதா, எதிரியின் சிப்பாயோடு வெட்டிக்கொள்வதா? இந்த ஒரு கேள்வியைக் கற்பதற்கு எனக்கு ஓராண்டு ஆயிற்று.

கற்ற வழியைச் சொல்கிறேன். நூறு ஆட்டங்களைப் புரட்டவில்லை. ஒரே ஆட்டத்தை ஒரு மாதம் வைத்துக்கொண்டேன். 1967-இல் துனீசியாவின் சூஸ் நகரில் பாபி ஃபிஷர், மங்கோலிய வீரர் மியாக்மார்சூரனோடு ஆடியது. அரசனின் சிப்பாயை முதலில் நகர்த்தித் தொடங்கினாலும் ஃபிஷர் வந்து சேர்வது நம் ஏழுக்குத்தான். கறுப்பு தன் மந்திரிகளில் ஒன்றைச் சிப்பாய்களுக்குப் பின்னே அடைத்து வைத்துக்கொண்டு மையத்தைக் கட்டுகிறது. அப்படிக் கட்டினால் விடை: அரசனின் சிப்பாயைத் தள்ளு. தள்ளிய உடனே கறுப்புக் குதிரை தன் அரசனைக் காக்கும் இடத்திலிருந்து விலக வேண்டியதாகிறது. பின்பு யானை அந்தச் சிப்பாய்க்குப் பின்னால். உட்குதிரை பின்வாங்கிச் சுற்றிக்கொண்டு அரசன் பக்கம். ஓரச் சிப்பாய் முன்னேற்றம். கறுப்பு மறுபக்கத்தில் தன் சிப்பாய்களை ஓட்டுகிறது. ஃபிஷர் அங்கே ஒரே ஒரு முறை சிப்பாயை நகர்த்தி வழியை அடைத்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கிறார்.

இருபத்தொன்பதாம் நகர்த்தல்தான் என்னைக் கட்டிப்போட்டது. இடையில் வேறிடம் போயிருந்த அந்த மந்திரி, தாக்குதல் கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு கட்டம் பின்வாங்கித் தன் பழைய வீட்டுக்குத் திரும்புகிறது. பார்த்தால் சோம்பல் போலத் தெரியும். இரண்டு நகர்த்தலுக்குப் பின் ஃபிஷர் தம் அரசியை எதிரி அரசனின் வாசலில் கொண்டுபோய்ப் பலியிடுகிறார். எதிரி ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். விடாமல் அரசியை வெட்டியிருந்தால், ஒரு சிப்பாய் வெட்டு, அதன்பின் அந்த மந்திரியின் கடைசி முற்றுகை. முதலில் போட்ட கோலத்தின் ஒரு புள்ளி முப்பத்து மூன்றாம் நகர்த்தலில் வந்து முடிக்கிறது. எனக்கு இந்த நகர்த்தல்கள் மனப்பாடம் இல்லை. இப்போது கேட்டாலும் வரிசையாகச் சொல்ல வராது. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் என்பது தெரியும். ஏன் என்பது தெரிந்தால் நகர்த்தல் தானே வருகிறது.

மற்ற இரண்டு விடைகள் எளியவை. கறுப்பும் நம்மைப் போலவே மந்திரியை ஓரத்தில் அமர்த்தினால், தள்ளுவதில் பயனில்லை. அரசியின் பக்கத்துச் சிப்பாய் ஒன்றைத் துணைக்கு வைத்து மையத்தைப் பெரிதாக்க வேண்டும். கறுப்பு இரு சிப்பாய்களையும் இரண்டிரண்டு கட்டம் வைத்து மையத்தை முழுவதும் பிடித்துக்கொண்டால், வெட்டிக்கொண்டு, எஞ்சி நிற்கும் சிப்பாயின்மேல் யானையையும் குதிரையையும் ஏவ வேண்டும். அவ்வளவுதான். நகர்த்தல் வரிசையிலும் ஒரு எச்சரிக்கை: எதிரி தன் சிப்பாயால் நம் முன்குதிரையை விரட்டப் பார்த்தால், அரசியின் சிப்பாயை முன்னதாகவே வைத்துவிட வேண்டும். நெகிழ்வு என்பது எந்த வரிசையிலும் ஆடலாம் என்பதன்று.

இதற்கு விலையும் உண்டு. முதலில் நகர்த்தும் உரிமை வெள்ளைக்கு ஒரு சிறு செல்வம். இந்தத் தொடக்கம் அதைப் பெரும்பாலும் செலவழித்துவிடுகிறது. குழந்தையின் கைப்பேசியில் உள்ள கணிப்பொறி, ஏழு நகர்த்தலுக்குப் பின் ஏறக்குறைய சமம் என்றே காட்டுகிறது. ஆடுபவர் கவனம் தவறினால் சமமும் போகும். 1970-இல் பெல்கிரேடில் சோவியத் அணியும் உலக அணியும் மோதியபோது, உலக அணியின் முதல் பலகையில் டென்மார்க்கின் பெண்ட் லார்சன். நூல் வழியை விட்டு விலகி அரசிப் பக்கத்து ஓரச் சிப்பாய்க்கு அடுத்ததை ஒரு கட்டம் நகர்த்தித் தொடங்கினார். எதிரே ஸ்பாஸ்கி. பதினேழு நகர்த்தலில் லார்சன் தோற்றார். உலகின் மிகச் சிறந்த சிலரில் ஒருவர் அவர்! ஸ்பாஸ்கி ஒரு யானையைப் பலியிட்டு ஒரு சிப்பாயை வாசல்வரை ஓட்டிய விதத்தை, ஆடத் தெரிந்தோர் ஒருமுறை பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். புதுக்கவிதை எழுதும் இளைஞர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

அந்தச் சண்டைக்குள்ளும் சற்றே புகுந்துதான் ஆக வேண்டும். பத்தாண்டுகளாக இந்த வட்டத்தில் மரபும் புதிதும் மோதியிருக்கின்றன. நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பதும் தெரியும். "யாப்பு வராதவன் ஒதுங்கும் சத்திரம்" என்று இதே மேடையில் புதுக்கவிதையை ஏசியிருக்கிறேன். இப்போது வாத்தியார் அதே சொல்லால் என் தொடக்கத்தை ஏசுகிறார், கற்றுக்கொடுத்தவரே அவர் என்பதை மறந்து. நான் சொல்லும் விடை இது. நியூயார்க்கில் 1924 மார்ச்சில் ரிச்சர்ட் ரேட்டி, அப்போதைய உலக வாகையர் கபபிளாங்காவை வீழ்த்தினார். எட்டாண்டுகளாகத் தோல்வியே காணாதவர் கபபிளாங்கா. ரேட்டியின் முதல் மூன்று நகர்த்தல்கள்: அரசன் பக்கக் குதிரை, அரசி மந்திரியின் சிப்பாய் இரண்டு கட்டம், அதற்கு அடுத்த சிப்பாய் இரண்டு கட்டம். மையத்தைச் சிப்பாயால் பிடிக்காமல் தூரத்திலிருந்து மந்திரிகளால் பார்க்கும் புது நெறி அது. அக்காலத்து மரபாளர்கள் முகம் சுளித்த நெறி.

நூறாண்டு கழித்து, 2024 டிசம்பர் 8 அன்று, சிங்கப்பூரில் உலக வாகையர் போட்டியின் பதினோராம் ஆட்டம். நம் சென்னைப் பிள்ளை குகேஷ், பதினெட்டு வயது. வெள்ளையில் அவர் ஆடிய முதல் மூன்று நகர்த்தல்கள் ரேட்டியின் அதே மூன்று. எதிரே டிங் லிரன் தொடக்கத்திலேயே நெடுநேரம் யோசனையில் ஆழ்ந்தார். குகேஷும் சில நகர்த்தல் கழித்து அப்படியே ஆழ்ந்தார். நூல் முடிந்து இருவரும் தனியே நின்ற நேரம் அது. இருபத்தொன்பது நகர்த்தலில் குகேஷ் வென்றார். நான்கு நாள் கழித்துக் கடைசி ஆட்டத்தில் வெள்ளை டிங்கிடம். குதிரை, குதிரைக்கு முன் சிப்பாய், இடைவெளியில் மந்திரி, கோட்டை என்று நம் ஏழில் நான்கை அவர் ஆடினார். பல மணி நேரம் சமமாக நின்ற ஆட்டத்தில், ஐம்பத்தைந்தாம் நகர்த்தலில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்துப் பட்டத்தை இழந்தார். ஒரே குடும்பத்துத் தொடக்கம் ஒருவருக்கு வெற்றியாகவும் மற்றவருக்குத் தோல்வியாகவும் முடிந்தது. இதில் மரபு எது, புதிது எது என்று வாத்தியாரைக் கேட்டேன். "தேநீர் ஆறுகிறது" என்றார்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கில். தேர் வீதி முனையில் திரும்புவது அவர்கள் இழுப்பால் மட்டுமன்று. சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். எந்தச் சக்கரத்துக்கு, எந்த நொடியில், எவ்வளவு என்பது அவர்கள் கையில். சென்ற ஆண்டு வடத்தை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளாத வேலை. ஆனால் சிறு வயதிலிருந்து பெரியவர்களின் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து வந்த வேலை. கற்காமல் வந்ததென்று யார் சொல்வார்?

என் நிலையைச் சொல்லி நிறுத்துகிறேன். பழைய வெண்பாக்கள் திரும்பவில்லை. திரும்பும் என்று மருத்துவரும் சொல்லவில்லை. ஒப்பிப்பதை விட்டுவிட்டேன். ஓசை இருக்கிறதே, அதை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று கட்டிப் பார்த்தேன். மூன்றாண்டில் ஒரே ஒரு வெண்பா. மூன்றாம் அடியில் தளை தட்டுகிறது என்று வாத்தியார் சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறார். ஆகவே அதை இங்கே படிக்கப் போவதில்லை. திருத்தி முடிந்தால் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.

குழந்தையை இதுவரை நான்கு முறை வென்றிருக்கிறேன். எத்தனை முறை தோற்றேன் என்ற கணக்கு நல்லவேளையாக நினைவில் இல்லை. சென்ற ஞாயிறு நான் ஏழையும் அடுக்கி முடித்தபோது அவள் நெடுநேரம் பலகையைப் பார்த்தாள். "தாத்தா, இதை எனக்கும் சொல்லிக் கொடுங்க" என்றாள். எனவே வருகிற ஞாயிறு வெள்ளை அவளுக்கு, கறுப்பு எனக்கு. என் தொடக்கத்தை நானே எதிர்த்து ஆட வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.